பதினோராவது ஹோலில் ஒரு புங்க மரம்

எங்கள் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிவறை எங்கே இருக்கிறது என்று. அடுத்துக் கேட்பது பதினோராவது ஹோல் எங்கே இருக்கிறது என்று. இரண்டுக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்து வழிகாட்ட வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நான் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். பெரிய போட்டி நடக்கும் நாட்களில் விருந்தாளிகளை பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக்காட்டி அதன் வரலாற்றைச் சொல்வதும் என் வேலைதான். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், எதில் கேட்டாலும் சொல்லுவேன். தெலுங்கில் கேட்டால் பாதி சொல்லுவேன்.

அந்த வரலாறு இப்படிப் போகும். ஒரு காலத்தில் இங்கே ஒன்றுமே இல்லை, பாறையும் முள்ளும்தான். மைதானம் வரைந்து கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நாள் முழுக்க நடந்தார். சாயங்காலம் ஒரு புங்க மரத்தடியில் நின்றார். நூறு வருஷத்து மரம். அதைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். இதை வெட்டாதீர்கள், இதை நடுவில் வைத்தே ஒரு ஹோல் வரைகிறேன் என்றார். அன்றைக்கு அவர் வரைந்ததுதான் இன்றைக்குப் பெரிய பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் அழவைக்கும் பதினோராவது ஹோல். இந்த இடத்தில் நான் கையை நீட்டி மரத்தைக் காட்டுவேன். விருந்தாளிகள் ஃபோனை எடுப்பார்கள்.

அத்தனையும் புளுகு. காதில் பூ சுற்றுவதற்கு எனக்குச் சம்பளம். மரம் ஒன்றாவது நிஜம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் சொல்ல முடியாது.

"ஒன்றுமே இல்லை" என்று வாயால் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அங்கே இருந்தது எங்கள் நிலம். மழைக்கு ராகி, ஊடே அவரை, கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி. நிலத்துக்கு நடுவே புங்க மரம். அந்த மரத்தடியில் என் அப்பா.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பா செத்தார். தக்காளிக் கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டுக்குப் போனவரை, ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஒரு கம்பெனி பஸ் அடித்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை. சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்வோம். நிலத்தில் எந்த மூலையில் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அம்மா எழுந்து போய்ப் புங்க மரத்துக்குத் தெற்குப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்துதான் அப்பா மத்தியானக் களியைத் தின்பார். பித்தளைச் சொம்பையும் அவர் கைக்கடிகாரத்தையும் கூடவே வைத்துப் புதைத்தார்கள். மண்ணை மூடும்போது அம்மா இன்னொரு காரியம் செய்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மண்வெட்டியால் கோடு கிழித்து, "இது என் எடம். இதுல யாரும் கை வெக்கக் கூடாது" என்றாள். எல்லோரும் அவளைத் திட்டினார்கள். அவள் கோட்டை அழிக்கவில்லை.

அம்மா வாழ்க்கையில் கேட்ட ஒரே சொத்து அதுதான். தாலி, நகை, வீடு எதற்கும் அவள் வாயைத் திறந்ததில்லை. அந்தக் கோட்டுக்குள் படுக்க வேண்டும், அவ்வளவே.

அப்பாவுக்குக் காரியம் முடிவதற்குள்ளேயே கோல்ஃப் மைதானத்துக்காரர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள் முதலில் விற்றார்கள். அங்கே வேலையும் தொடங்கிவிட்டது. எங்கள் நிலம் அப்பா பேரிலும் அப்பாவின் அண்ணன் பேரிலும் கூட்டாக இருந்தது. பெரியப்பா விற்பது என்று முடிவு செய்தார். பெரியப்பா முடிவு செய்தால் மற்றவர்கள் தலையாட்டுவதுதான் மிச்சம். அம்மா தலையாட்டினாள், ஆனால் ஒரு பேச்சு பேசினாள். மரத்தையும் சமாதியையும் தொடக்கூடாது, நான் செத்தால் என்னை அங்கே வைக்க விட வேண்டும், இதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டால் கையெழுத்து. பெரியப்பா, அதற்கென்ன, நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

அந்தச் சமயத்தில் அம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். புருஷன் போனவளைப் பிறந்த வீட்டார் கூட்டிப்போய்க் கொஞ்ச நாள் வைத்திருந்து புதுச் சேலை எடுத்துக் கொடுத்து அனுப்புவது வழக்கம். அவளுக்குச் சாமல்பட்டி. ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் அண்ணன் வீடு. அரைப்பரீட்சை லீவில் நானும் போயிருந்தேன். அம்மாவுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்காருவாள்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேராக நிலத்துக்குப் போனாள். சமாதிக் கல் இருந்தது. விளக்கு வைக்கிற மாடம் இருந்தது. பெரியப்பா கல்லைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்து உருகிப்போனாள். தம்பி மேல் அவருக்கும் பாசம் இருக்கிறதே, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த வாரமே கையெழுத்துப் போட்டாள்.

இனி அந்த வெளிநாட்டு நிபுணரின் கதைக்கு வருகிறேன். அவர் வந்தது நிஜம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தார். மரத்தைப் பார்த்ததும் நிஜம். பார்த்துவிட்டு, இதை எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டார். அவர் காகிதத்தில் பதினோராவது ஹோல் கோடு போட்டது போல நேராக இருந்தது. மரம் வெட்டத் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அம்மா அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். முனி குடியிருக்கிற மரம், கோடாலி வைத்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று அவர்களிடம் சாதாரணமாகச் சொன்னாள். சோற்றுப் பானையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை வந்தவர்களும் அப்படியே. நிபுணருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. சரி, மரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியிருந்தால் தூசியில் கலங்கியிருக்கும்.

நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்பது பேச்சு. அம்மாவைப் புல்லில் களை பிடுங்கும் பெண்களோடு சேர்த்துவிட்டார்கள். நான் பி.காம் முடித்ததும் பெரியப்பா யாரையோ பார்த்துப் பேசி என்னை ஏ.சி.யில் உட்காரவைத்தார். அவள் பின்வாசல் வழியாக வருவாள், நான் முன்வாசல் வழியாக வருவேன். அவளுக்குக் கூடையும் களைக்கொத்தும், எனக்கு லிப்ஸ்டிக்கும் பெயர்ப் பட்டையும். சமாதிக் கல் ஆட்டக்காரர்களின் கண்ணை உறுத்துகிறது என்று தரை மட்டத்துக்கு இறக்கிப் புல்லை வளரவிட்டார்கள். அம்மா அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆள் உள்ளேதானே இருக்கிறார் என்றாள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்த் தூரத்தில் இருக்கும் ஒரு சின்னக் குழியில் தள்ள வேண்டும். குழியோடு சேர்த்து அந்தப் பாதை முழுவதற்கும் ஹோல் என்று பெயர். எத்தனை குறைந்த அடியில் தள்ளுகிறார்களோ அத்தனை கெட்டிக்காரர்கள். எங்கள் பதினோராவதை நான்கு அடியில் முடிக்க வேண்டும். இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஏரி, நடுவில் மரம். ஆரம்பத்தில் இது ஒன்றும் அப்படிக் கஷ்டமில்லை. மரம் ஒல்லியாக உயரமாக இருந்தது. கிளைகளுக்கு அடியில் பந்தை உருட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கஷ்டமாக்கியது என் அம்மா.

ஆட்டுப் புழுக்கையை மடியில் கட்டிக்கொண்டு வந்து வேரில் போடுவாள். புல்லுக்கு விடுகிற தண்ணீரில் பாதியை மரத்துக்குத் திருப்புவாள். அது போதாது என்று ஒரு வேலை செய்தாள் பாருங்கள். எங்கள் பக்கம் கொய்யாச் செடியில் கிளை மேலே ஓடாமல் படர வேண்டுமென்றால் இளங்கிளையில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பாரத்தில் கிளை தாழ்ந்து, அப்படியே முற்றிவிடும். அம்மா மஞ்சள் துணியில் கல்லை முடிந்து, பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கட்டும் தொட்டில் போல, புங்க மரத்தில் கட்டத் தொடங்கினாள். வேண்டுதல் என்றாள். மானேஜர் மைசூர்க்காரர், சாமி விஷயத்தில் பயந்தவர். கட்டட்டும், வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுப்பார்கள் என்று விட்டுவிட்டார். அவள் கேடிப் பையன்களிடம், அதாவது ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிறவர்களிடம், எந்தக் கிளை ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறது என்று விசாரிப்பாள். அவர்கள் வெள்ளந்தியாகச் சொல்வார்கள். அடுத்த வாரம் அந்தக் கிளையில் புதிதாக ஒரு தொட்டில் தொங்கும்.

வருஷங்கள் போகப் போக மரம் நாலா பக்கமும் விரிந்து தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. அடியில் போக வழியில்லை. மேலே போக உயரம் போதாது. சுற்றிப் போனால் பாறை அல்லது ஏரி. பெங்களூர்க்காரர்கள் அதற்கு அத்தெ என்று பெயர் வைத்தார்கள், கன்னடத்தில் மாமியார். இன்றைக்கு அத்தெ என்னை விடவில்லை, அத்தெ என் பந்தைத் தின்றுவிட்டாள் என்று பியர் குடித்துக்கொண்டே புலம்புவார்கள். நான் மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது என் அப்பாவடா முட்டாள்களா என்று நாக்கு வரை வரும். சம்பளம் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

அம்மா நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கு அவர்கள் படும் பாடு சர்க்கரை. பந்து எங்கே விழுந்தது என்று கண்ணால் பார்த்திருப்பாள். கேட்டால், கண்ணு தெரியலிங்க என்பாள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் முட்டிக்கால் போட்டு வேருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அம்மாவின் காலடியில் பந்து. அவள் அதன் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு புல் பிடுங்கினாள். பாவமில்லையா என்று கேட்டேன். "என் ஊட்டுக்காரரு தலை மேல நின்னு மட்டைய வீசறான். அவனுக்கு நான் பொறுக்கிக் குடுக்கணுமா?" என்றாள்.

முதல் பெரிய போட்டி வந்தபோது டி.வி.க்காரர்கள் கிரேன் வைத்துக் கேமராவை நிறுத்தினார்கள். கடைசி நாள் வரை முன்னணியில் இருந்தவர் வடக்கத்தி ஆள், பெரிய சாம்பியன். பதினோராவதில் அவர் அடித்த பந்து மரத்துக்குள் போனது. மறுபடி அடித்தார், கிளையில் பட்டு அவர் காலடிக்கே திரும்பி வந்தது. இன்னொரு தடவை அடித்தார், பந்து மேலேயே தங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மட்டையை ஊன்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. நாடே அதைப் பார்த்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் களை பிடுங்கும் பெண்களோடு நின்ற அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு வீட்டில் களி இன்னொரு உருண்டை வாங்கித் தின்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதற்குப் பிறகுதான் கிளப் கொழித்தது. கஷ்டமான மைதானம் என்று பெயர் வந்துவிட்டால் அடிபடுவதற்கென்றே வருகிற கூட்டம் இருக்கிறது. கண்ணீர் விட்ட நிபுணரின் கதையை அப்போதுதான் யாரோ எழுதி என் கையில் கொடுத்தார்கள்.

மரத்துக்கு மவுசு ஏற ஏற அம்மாவுக்குப் பயம் வந்தது. தன் இடம் தனக்குக் கிடைக்குமா என்று. என்னைக் கேட்கச் சொன்னாள். இவர்களிடம் கேட்டால் இல்லை என்பார்கள், அந்த இல்லையைக் காதால் கேட்க வேண்டாம் என்றேன். ஒரு ஆயுத பூஜை அன்று, எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும் வரிசையில், அவளே மானேஜரிடம் தன் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுவிட்டாள். நான் செத்தால் மரத்தடியில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வைப்பீர்கள்தானே என்று. அவர் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, நீங்கள் நூறு வருஷம் இருப்பீர்கள் என்று சிரித்துவிட்டு இன்னொரு பாக்ஸைக் கையில் வைத்தார். அம்மா வீட்டுக்கு வந்து, சரின்னுட்டாரு என்றாள். அவர் சரி என்று சொல்லவே இல்லை என்றேன். இல்லைன்னு சொன்னாரா என்று திருப்பிக் கேட்டாள். அந்த ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்காமல் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

போன மே மாதம் அது நடந்தது. மத்தியானம் கறுத்துக்கொண்டு வந்து ஆலங்கட்டி மழை. ஓசூரில் கோடை மழை என்றால் காற்றுதான் முதலில் வரும். கிளப்பின் கண்ணாடிக் கதவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை விட்டதும் வாக்கிடாக்கியில் யாரோ, அத்தெ போயிடுச்சு, அத்தெ போயிடுச்சு என்று கத்தினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மரம் ஏரிப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. விரிந்த கிளைகளில் காற்று பிடித்து வேரோடு பெயர்த்துவிட்டது. மானேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் போட்டி, மூன்று மாதத்தில் போட்டி என்று புலம்பிக்கொண்டிருந்தார். தெற்குப் பக்கம் வேர் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு எழுந்ததில் அப்பாவை வைத்த இடமே திறந்து பள்ளமாகக் கிடந்தது. அம்மா அந்தப் பள்ளத்துக்குள் இருந்தாள். மழைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு கையால் மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வேலை செய்கிற பெண்கள் இறங்கினார்கள். கொத்தால் தோண்டினார்கள், பிறகு கடப்பாரை வந்தது. எலும்பு இல்லை. சொம்பு இல்லை. கடிகாரம் இல்லை. ஆள் ஆழத்துக்கும் கீழே போயும் செம்மண்ணும் ஜல்லியும் கலந்தே வந்தது. அதற்கடியில் நசுங்கிப்போன ஒரு சிமெண்ட் சாக்கு. அப்பாவைப் புதைத்தபோது எங்கள் நிலத்தில் சிமெண்ட்டும் இல்லை, ஜல்லியும் இல்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்த பெண், "அக்கா, இத முன்னாடியே யாரோ தோண்டி எடுத்துட்டு மூடியிருக்காங்க" என்றாள். அம்மா அந்தச் சாக்கைக் கையில் வாங்கினாள். அலம்பினாள். என்னத்துக்கு அதை அலம்புகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

அந்த ஈரச் சேலையோடு ஓசூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். என் ஸ்கூட்டியில்தான் போனோம். அந்தச் சாக்கை மடியில் வைத்திருந்தாள். பெரியப்பாவுக்கு இப்போது மாடி வீடு, கிரானைட் தரை, ஊஞ்சல். டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. தரை அழுக்காகிவிடும் என்று அம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"மாமா, அவர எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள்.

பெரியப்பா அவள் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார். டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அத இப்ப எதுக்கும்மா கிண்டற? சமாதி இருக்கற நெலத்த எவன் வாங்குவான்? சுத்தமா எடுத்துக் குடுத்தாத்தான் ஆச்சின்னாங்க. நீ சாமல்பட்டிக்குப் போயிருந்தியே, அப்ப எடுத்தாச்சி."

"எடுத்து எங்க வெச்சீங்க?"

"வெக்கறதா? ஜே.சி.பி.ல அள்ளுனது. கேட்டுக்குப் பக்கத்துல பள்ளமா கெடந்துச்சி, இப்ப காரு நிறுத்தறாங்களே, அங்க மண்ணடிச்சிக்கினு இருந்தாங்க. அந்த லோடுல போயிடுச்சி."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது, எழுதினால் அச்சில் வராது. பெரியப்பா அலட்டிக்கொள்ளவில்லை. செத்தவனுக்கு இடம் எதற்கு, உயிரோடு இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா என்றார். ஏ.சி. ரூமில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது யார் என்று என்னைக் கேட்டார். அம்மா என் கையைப் பிடித்து அடக்கினாள்.

"எடுத்தது சரி. கல்ல எதுக்கு மாமா கழுவி வெச்சீங்க?" என்றாள்.

பெரியப்பா ரிமோட்டை எடுத்தார். டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் அம்மா முதல் தடவையாக முன்வாசல் வழியாக கிளப்புக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. கர்நாடகப் பதிவெண் போட்ட பெரிய பெரிய வண்டிகள் வரிசையாக நின்றன. தினமும் நான் ஸ்கூட்டி நிறுத்துகிற இடம் அது. எந்தப் பக்கம் இருக்கும் பாப்பா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சிமெண்ட் கல் பதித்திருக்கிறார்கள். அவள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள், கீழே விழுந்த மூக்குத்தியைத் தேடுகிறவள் மாதிரி. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. செக்யூரிட்டி ஓடி வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சாரு வண்டி திரும்பணும்" என்றான். அவள் தள்ளி நின்றாள். வண்டி திரும்பும்வரை அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செத்தா கரண்ட்ல போட்டுடு" என்றாள். எரிக்கிற பேச்சே எடுக்காத குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். "சாம்பல இங்க கொட்டிடு. அவரு மேல ஏர்றது எம்மேலயும் ஏறட்டும்."

மானேஜர் பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து பெரிய புங்க மரம் ஒன்றை டிரெய்லரில் கொண்டுவந்தார். கிரேனால் தூக்கி அதே பள்ளத்தில் நட்டார்கள். விழுந்த மரத்தையே இரவு பகலாகப் பாடுபட்டுத் தூக்கி நிறுத்திக் காப்பாற்றிவிட்டோம் என்று உறுப்பினர்களுக்குச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். என் வரலாற்றில் ஒரு பத்தி கூடியது. மஞ்சள் துணித் தொட்டில்களைக்கூட மானேஜர் ஆள் வைத்துக் கட்டினார், உள்ளே கல் இல்லாமல். பழைய மரம் செங்கல் சூளைக்குப் போனது. அம்மா அந்தப் புது மரத்தின் பக்கம் திரும்பவில்லை. களை பிடுங்கப் போவதையும் விட்டுவிட்டாள். பந்தைத் தேடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதையும் விட்டுவிட்டாள். அந்தக் கெட்ட சிரிப்புதான் அவளை நடமாட வைத்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

பெரியப்பா சாவுக்கு வந்தார். மாலை போட்டார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் பெருந்தன்மையாகப் பேசினார். நம் வழக்கத்தில் எரிக்கிறதில்லை, தொரப்பள்ளிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, எனக்கென்று வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொடுக்கிறேன், கொண்டுபோய் வைக்கலாம் என்றார். சொந்தக்காரர்கள் அவரை நெகிழ்ந்து பார்த்தார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் அம்மா மாதிரியே மெதுவாகத்தான் சொன்னேன்.

"வேணாம் பெரியப்பா. அந்த நெலத்தையும் நாளைக்கு எவனாவது கேப்பான். உங்க புள்ளைங்க உங்களயும் சுத்தமா எடுத்துக் குடுப்பாங்க."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மனசு குளிர்ந்தது. இதை மறைப்பானேன்? அம்மாவின் ரத்தம் என் உடம்பிலும் ஓடுகிறது.

மின்மயானத்தில் சாம்பலை ஒரு மண்கலயத்தில் போட்டுக் கொடுத்தார்கள். சூடு ஆறாமல் இருந்தது. மூன்றாம் நாளே போட்டி தொடங்கியது, லீவு கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாம், நான் கேட்கவில்லை. கலயத்தை டிபன் பையில் வைத்துக்கொண்டு வண்டிகள் வருவதற்கு முன்பே போனேன். சிமெண்ட் கற்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கோலப்பொடி விடுவது போல விட்டுக்கொண்டே போனேன். எந்தப் பக்கம் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் விட்டேன். எங்கேயாவது ஒரு இடத்தில் பக்கத்தில் போயிருப்பாள்.

நிமிர்வதற்குள் முதல் கார் உள்ளே வந்து நான் விட்டுக்கொண்டு வந்த வழியின் மேலேயே ஏறி நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பெங்களூர்க்காரர் எட்டிப் பார்த்தார். என் பெயர்ப் பட்டையைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பதினோராவது ஹோல் மரம் எவ்வளவு வயசும்மா என்று கேட்டார்.

நூறு வருஷம் சார், என்றேன்.